பென்சிலில் எழுதிய எண்

மணி ஒன்று நாற்பது. கடல் மீட்பு நிலையத்தின் மாடி அறை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி, குரலைக்கூட உயர்த்தாமல் எங்கள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"இன்னிக்கோட முடிச்சுக்கறோம். ரெண்டே முக்காலுக்கு விமானம் கடைசியா ஒரு தடவை போயிட்டு வரும். அப்புறம் தேடல் கிடையாது."

எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பி உயிரோட இருக்கான் சார். படகுல இருந்த உயிர்காக்கும் மிதவையில நாலு நாளைக்குக் குடிதண்ணி இருக்குன்னு நீங்களே சொன்னீங்க. மூணு நாள்தான் ஆயிருக்கு."

"மிதவையில ஏறியிருந்தாத்தானேம்மா. ஏறியிருந்தா இந்நேரம் கண்ணுல பட்டிருக்கும். பளிச்சுன்னு ஆரஞ்சு கலர் கூரை. கம்ப்யூட்டர் வரைபடம் காட்டின இடத்தை மூணு நாளா சல்லடை போட்டுச் சலிச்சாச்சு. மிதவை இல்லை. அப்படின்னா அவர் ஏறலை. ஏறாம மூணு நாள்னா..."

நல்ல மனிதர்தான். திட்டுவதற்கு ஒரு கெட்ட மனிதராவது கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலை, படகு எஞ்சின் மெக்கானிக்கான அவள் தம்பி, பழுது பார்த்த ஒரு படகை ஓட்டிப் பார்க்கத் தனியாகக் கடலுக்குள் போனான். பத்து இருபதுக்கு ரேடியோவில், "தண்ணி ஏறுது, மிதவையை இறக்கறேன்" என்றான். அதோடு சரி. வியாழக்கிழமை காலை அக்கா எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்தாள். படகின் முதலாளி, அது மூழ்கிய இடத்தை மாற்றிச் சொல்கிறார், யாரோ எதையோ மறைக்கிறார்கள், கண்டுபிடியுங்கள் என்றாள். அன்று முழுக்க முதலாளியைக் குடைந்தோம். மனிதர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. வெள்ளிக்கிழமை விடிந்து, மதியமும் ஆகிவிட்டது.

எங்கள் அலுவலகம் என்றால் என் அண்ணி, ஒரு மேசை, நான். அண்ணி பதினாறு வருஷம் பரீட்சை ஹாலில் காவல் நின்று, காப்பி அடிப்பவர்களைப் பிடித்தவர். பாதி ஊருக்கு அவரைக் கண்டால் இன்னும் உள்ளங்கை வேர்க்கும். நான் அவருடைய கொழுந்தன். மூன்று தொழில் தொடங்கி மூன்றையும் வெற்றிகரமாக மூடியவன். இப்போது கார் ஓட்டுகிறேன், பேசுகிறேன். இரண்டில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளும்படி அண்ணி சொல்லியிருக்கிறார். எதை என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பெண் இதே ஊரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் கம்பைலர் எழுதுகிறவள். கடலில் விழுந்த பொருள் எந்த நேரத்தில் எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டு வரைபடம் தரும் புரோகிராம் இந்த நிலையத்தில் இருக்கிறது அல்லவா, அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் பாஷைக்கு மாற்றித் தரும் கம்பைலரும் அவள் எழுதியதுதான். தம்பி கடலுக்குப் போகிறவன் என்பதற்காகவே கேட்டு வாங்கிச் செய்த வேலை. மனசுக்குள் அவளுக்குக் கம்பைலர்க்காரி என்று பெயர் வைத்திருந்தேன். அன்று அவள் முகத்தைப் பார்த்த பிறகு வெளியே சொல்லிக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை.

அண்ணி அதிகாரியைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கடல் வரைபடத்தைப் பார்த்தார்.

"வடக்க ஒரு சிவப்புக் குண்டூசி குத்தியிருக்கே. அது என்ன?"

"அந்தப் படகுல இருந்த பிளாஸ்டிக் பெட்டி. டூல்ஸ் வைக்கிறது. நேத்து சாயங்காலம் ஒரு மீன்பிடிப் படகு எடுத்துச்சு. காலிப் பெட்டி, லேசா இருக்கும். காத்து வடக்க தள்ளிட்டுப் போயிடுச்சு."

"நீங்க எங்க தேடினீங்க?"

"தெற்க. நீரோட்டம் தெற்க போகுது."

"பெட்டியைத் தள்ளின காத்து மிதவையைத் தள்ளாதா? அதுக்குக் கூரை வேற இருக்கு."

"தள்ளும். அதெல்லாம் கணக்குலயே இருக்கும்மா." அதிகாரி பொறுமையாக ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "என்ன பொருள்னு நாங்க சொல்லணும். தண்ணியில விழுந்த ஆள், படகு, மிதவை, காலிப் பெட்டி, இப்படி எட்டு வகை. ஒவ்வொண்ணும் காத்துக்கு எவ்வளவு நகரும்னு உள்ள அட்டவணை இருக்கு. நாங்க மிதவைன்னு சொல்லித்தான் எடுத்தோம். மேலயே போட்டிருக்கு, பாருங்க."

'பொருள்: கூரை உள்ள மிதவை' என்று தலைப்பில் அச்சாகியிருந்தது. அச்சான காகிதம் பொய் சொல்லாது என்று நம்புகிற உத்தியோகம் அவருடையது.

"காலிப் பெட்டின்னும் ஒரு வகை இருக்கா?" என்றார் அண்ணி. "அப்ப அதைப் போடுங்க. செவ்வாய்க்கிழமை மூழ்கின இடத்துலேருந்து ஒரு காலிப் பெட்டி நேத்து சாயங்காலம் எங்க போயிருக்கும்னு கேளுங்க. விடைதான் சுவத்துல குத்தியிருக்கே."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம் ஆகும். முன்னாடி பதினொண்ணு ஆகிட்டு இருந்துச்சு. மூணு வாரத்துக்கு முன்னாடி இவங்கதான் நாலாக்கிக் கொடுத்தாங்க." அதை நன்றியோடுதான் சொன்னார். அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

மூலையில் உட்கார்ந்திருந்த ஆபரேட்டர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தட்டினார். நாலு நிமிஷம். பிரிண்டர் ஒரு காகிதத்தைத் துப்பியது. பெட்டி இருக்க வேண்டிய இடம் என்று முட்டை வடிவத்தில் ஒரு கோடு. அது தெற்கே இருந்தது. சிவப்புக் குண்டூசி அதற்கு நாற்பது மைல் வடக்கே நின்றுகொண்டு எங்களைப் பார்த்து இளித்தது.

"இப்ப அதே நேரத்துக்கு மிதவை," என்றார் அண்ணி.

இன்னொரு நாலு நிமிஷம். இரண்டு காகிதங்களையும் அண்ணி ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். வெளிச்சத்தில் இரண்டு முட்டைகளும் தெரிந்தன. இல்லை, ஒரு முட்டைதான் தெரிந்தது. கோட்டின்மேல் கோடு.

"பெட்டியும் மிதவையும் கையைக் கோத்துக்கிட்டா போச்சு?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"பரீட்சையில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பேர் ஒரே சரியான விடையை எழுதினா கண்டுக்க மாட்டேன்," என்றார் அண்ணி. "ரெண்டு பேரும் ஒரே தப்பு விடையை எழுதினா, மூணாவது ஒருத்தனைப் பாத்து எழுதியிருக்காங்கன்னு அர்த்தம். அந்த மூணாவது ஆள் யாரு?"

கம்பைலர்க்காரி பாய்ந்து ஆபரேட்டரிடம் போனாள். "என்ன பண்ணி வச்சிருக்கீங்க இதை? மெனுவைக் கெடுத்து வச்சிருக்கீங்களா? யார் கை வச்சது?"

"நானா? எனக்கு இதை ஆன் பண்ணவும் ஆஃப் பண்ணவும்தாங்க தெரியும்!"

"எழுந்திருங்க!"

அவர் நாற்காலியைப் பிடுங்கி உட்கார்ந்து தட்டினாள். திரையில் எண்கள் ஓடின. ஒரு நிமிஷத்தில் அவளுக்கே குழப்பம். "மெனு சரியா இருக்கு. எண் உள்ள போய்ச் சேர்ந்திருக்கு."

"என்ன எண்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றார் அண்ணி.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "கணக்கைப் போடறது கிராபிக்ஸ் கார்டு. அதுல ஓடற சின்ன புரோகிராமுக்கு ஷேடர்னு பேரு. அதை கார்டுக்குப் புரியற பாஷையில மாத்திக் கொடுக்கறது என் கம்பைலர். அதுல பொருள் வகைன்னு ஒரு எண் வருது. நான் மாத்திக் கொடுக்கும்போது அது என்னன்னு எனக்குத் தெரியாது. இங்க இவர் மெனுவுல தொட்டாத்தான் தெரியும். ஆனா ஓட ஆரம்பிச்சப்புறம் மாறாது. இதுக்கு ஸ்பெஷலைசேஷன் கான்ஸ்டன்ட்னு பேரு."

"பாரத்துல ஒரு கட்டத்துல சும்மா பென்சில்ல ஒரு எண்ணைப் போட்டு வச்சுட்டு, ஆள் வந்ததும் அழிச்சுட்டுப் பேனாவால எழுதற மாதிரியா?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உருப்படியாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கவில்லை போல. "அதேதான். பென்சில்ல இருக்கறது சைபர். அதுக்குத் தண்ணியில விழுந்த ஆள்னு அர்த்தம். மிதவைன்னா அஞ்சு. பென்சில் எண்ணை நம்பி கம்பைலர் எதையும் முன்கூட்டி முடிவு பண்ணக் கூடாது. அதுதான் முதல் விதி. நான் அதை மீறலை. இதோ, அஞ்சு வந்திருக்கு பாருங்க. ஷேடர் திருப்பிச் சொல்ற அந்த அஞ்சை வச்சுத்தான் தலைப்புல மிதவைன்னே அச்சாகுது."

அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெம்பு தெரிந்தது. தன் பக்கம் தப்பில்லை. ஆபரேட்டர் பக்கமும் தப்பில்லை. மணி இரண்டு இருபத்தைந்து.

அண்ணி விடவில்லை. "தலைப்பு எழுதற இடத்துல அஞ்சுன்னு தெரியுது. சரி. அட்டவணையைப் பாக்கற இடத்துல?"

"அதே எண்தான். ஒரு பொருளுக்கு நாலு அளவு இருக்கு. அதனால எண்ணை நாலால பெருக்கி, அந்த இடத்துலேருந்து படிக்கும்."

"அந்தப் பெருக்கலை யார் பண்றாங்க?"

"ஷேடர்."

"எப்ப?"

அவள் திரையில் வேறொரு பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"மூணு வாரத்துக்கு முன்னாடி," என்றாள் மெதுவாக. "வேகம் வேணும்னு கேட்டீங்க இல்ல சார். ஒவ்வொரு நிமிஷமும் ஒரு உயிர்னு சொன்னீங்க. அதுக்காக ஒண்ணு சேர்த்தேன். ஒரு கணக்குல ரெண்டு பக்கமும் மாறாத எண்ணா இருந்தா, கம்பைலரே அதை முன்னாடியே போட்டு விடையை மட்டும் எழுதி வச்சுடும். ஒவ்வொரு எண்ணையும் 'நீ மாறாததா'ன்னு கேட்டேன். நாலு ஆமான்னுச்சு. பொருள் வகையும் ஆமான்னுச்சு. அது பொய் இல்லை, ஓடும்போது மாறாது. 'எப்பலேருந்து மாறாது'ன்னு நான் கேட்கலை. பென்சில் எண்ணை எடுத்து நாலால பெருக்கிட்டேன்."

"சைபரை நாலால பெருக்கினா சைபர்தானே?" என்றார் ஆபரேட்டர்.

"ஆமா. மெனுவுல எதைத் தொட்டாலும் அட்டவணையில முதல் வரிசைதான். தலைப்புல மட்டும் மிதவைன்னு வரும். அதைப் பாத்துத்தான் நானும் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன்."

யாரைப் பிடிக்க எங்களைக் கூப்பிட்டாளோ, அந்த ஆளை நாங்கள் பிடித்துவிட்டோம். எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாள்," என்றாள் அவள். "மூணு நாளா அவன் வடக்க கிடக்கான். நானே விமானத்தைத் தெற்க அனுப்பிட்டிருக்கேன். என் கையால. அவனுக்காகன்னு பண்ணின வேலை இது..." மேசையில் தலையை முட்டிக்கொண்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை நெற்றிக்கும் மேசைக்கும் நடுவில் அண்ணியின் உள்ளங்கை இருந்தது.

"அழறதுக்கு நேரம் அப்புறம் தரேன். சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"அந்த வேகத்தை மொத்தமா எடுத்துட்டா போதும். பத்து நிமிஷம். ஆனா ஒரு வரைபடத்துக்குப் பழையபடி பதினொரு நிமிஷம் ஆகும்."

"சார், விமானத்தை நிறுத்தி வைங்க," என்றார் அண்ணி.

அதிகாரி எழுந்துவிட்டார். "மூணே கால் வரைக்கும் நிறுத்தலாம். அதுக்கு மேல போனா தேட வெளிச்சம் இருக்காது. இன்னொண்ணும் சொல்லிடறேன். இது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு, புதுசு சரின்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு தடவைதான் பறக்க முடியும். முதல்ல பெட்டியைப் போட்டுக் காட்டுங்க. குண்டூசி இருக்கற இடம் வந்தா நம்பறேன்."

கம்பைலர்க்காரி தட்ட ஆரம்பித்தாள். ஒரு வார்த்தையை நாலு தடவை தப்பாக அடித்து அழித்தாள். அப்போது, கொஞ்ச நேரத்துக்கு முன் அவளிடம் திட்டு வாங்கிய ஆபரேட்டர், கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு பக்கத்தில் குனிந்தார். "நீங்க சொல்லுங்க. நான் அடிக்கறேன்."

இரண்டு ஐம்பதுக்குத் தயார்.

"மிதவையைப் போடுங்க முதல்ல," என்றாள்.

"பெட்டி," என்றார் அண்ணி.

"பதினொரு நிமிஷம் போயிடும்! என் தம்பியோட பதினொரு நிமிஷம் அது!"

"பெட்டியைக் காட்டாம இவர் விமானத்தை விட மாட்டார். விமானம் இல்லாம வெறும் வரைபடத்தை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவே? பெட்டியைப் போடுங்க."

அந்தப் பதினொரு நிமிஷத்தைப் போல நீளமான ஒன்றை நான் பார்த்ததில்லை. மூன்றாவது தொழிலை மூடிய அன்று என் அண்ணன் என்னோடு பேசாமல் உட்கார்ந்திருந்த நேரம்கூட இதைவிடச் சீக்கிரம் போனது. அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி நகத்தைக் கடித்தாள். நகம் முடிந்து சதைக்குப் போனாள்.

மூன்று மணி ஒரு நிமிஷத்துக்குப் பிரிண்டர் அசைந்தது. முட்டை வடக்கே போயிருந்தது. ஆபரேட்டர் காகிதத்தைச் சுவரில் வைத்து, குண்டூசி இருந்த இடத்தை விரலால் தொட்டார். முட்டைக்கு உள்ளே, கிட்டத்தட்ட நடுவில் இருந்தது.

"மிதவை," என்றார் அண்ணி. ஆபரேட்டர் ஏற்கெனவே அழுத்தியிருந்தார்.

அதிகாரி போனில் கை வைத்தார், எடுக்கவில்லை. "அம்மா, ஒண்ணு கேட்கறேன். வரைபடம் சரியா வரும், ஒத்துக்கறேன். ஆனா அவர் மிதவையில ஏறினார்னு நமக்கு இன்னும் தெரியாதே?"

கம்பைலர்க்காரியின் தலை தொங்கியது. அண்ணி மட்டும் கோபமாகத் திரும்பினார்.

"சார், மூணு நாளா நீங்க யாரைத் தேடினீங்க?"

"மிதவையை..."

"இல்லை. உங்க வரைபடம் காட்டினது தண்ணியில விழுந்த ஆள் போற வழியை. அந்த இடத்தை சல்லடை போட்டுச் சலிச்சோம்னீங்க. ஆள் கிடைச்சாரா?"

"இல்லை."

"அவர் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்?"

"இல்லை."

"அப்ப அவர் தண்ணியில இல்லை. அதைத்தான் மூணு நாளா நிரூபிச்சிருக்கீங்க. தண்ணியில இல்லாத ஆள் வேற எங்க சார் இருப்பார்?"

அதிகாரி போனை எடுத்தார். "பைலட், தெற்க வேண்டாம். எஞ்சினைப் போட்டு வைங்க. இடம் இப்ப சொல்றேன்."

கம்பைலர்க்காரி அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பதினாலுக்கு மிதவையின் வரைபடம் வந்தது. ஆபரேட்டர் எண்களைப் படிக்க, அதிகாரி போனில் திருப்பிச் சொன்னார். ஜன்னல் வழியே ஒரு சின்ன விமானம் எழும்பி, வடக்கே திரும்பியதைப் பார்த்தோம்.

அதன் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. நாலு மணிக்கு ரேடியோ, "இன்னும் ஒண்ணும் தெரியலை" என்றது. நாலரைக்கு அதையே சொன்னது. ஐந்துக்கு, "எரிபொருள் குறையுது, இன்னும் ரெண்டு சுத்துதான்" என்றது. கம்பைலர்க்காரி தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஐந்து பன்னிரண்டு.

"ஆரஞ்சு தெரியுது," என்றது ரேடியோ. "கூரை பாதி கிழிஞ்சிருக்கு. கீழ இறங்கறேன்." வெறும் இரைச்சல். "ஆள் இருக்கார். படுத்திருக்கார். அசையலை." மறுபடி இரைச்சல். அவள் என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள், துணி கிழிகிற சத்தம் கேட்டது. "இருங்க... கையைத் தூக்கறார். கை ஆட்டறார்! உயிரோட இருக்கார்!"

அவள் அழுத அழுகையைப் போல நான் கேட்டதில்லை. நானும் அழுதேன். அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மீட்புப் படகுக்குப் போன் செய்தார். ஆபரேட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வாங்க," என்றேன். "ஆளுக்கு ரெண்டு டீயா குடிச்சிட்டு, அப்படியே துறைமுகத்துக்குப் போய் அவனை வரவேற்போம்."

அவள் எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள். என் பின்னால் வரவில்லை. அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், இந்த புரோகிராம் இன்னும் நாலு நிலையத்துல ஓடுது. இந்த மூணு வாரத்துல அங்க யாரையாவது தேடினாங்களா?"

அதிகாரி ஒரு பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அவசரமில்லாமல் புரட்டினார். என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"ரெண்டு இடத்துல. ஒண்ணு, படகோட ரெண்டு பேர். இன்னிக்குக் காலையில மூடியிருக்காங்க. இன்னொண்ணு, மிதவையில ஒருத்தர். அதை மூடி எட்டு நாள் ஆச்சு."

"நம்பர் குடுங்க."

"நான் பேசிக்கறேன்மா. மெஷின்ல ஏதோ பிரச்சினைன்னு சொல்லிக்கறேன். உங்க பேரு எதுக்கு இதுல? இனிமே உங்களுக்கு யார் வேலை கொடுப்பா? தம்பி வந்துட்டான், நீங்க போய் அவனைப் பாருங்க."

அவள் போனைத் தன் பக்கம் இழுத்தாள். காலையில் தேடலை மூடிய நிலையத்தின் எண்ணைப் பதிவேட்டில் பார்த்து முதலில் சுற்றினாள். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"தேடலை மறுபடி ஆரம்பிங்க," என்றாள். "உங்க வரைபடம் தப்பு. புதுசு இன்னும் பதினைஞ்சு நிமிஷத்துல அனுப்பறேன். எனக்கு எப்படித் தெரியும்னா, அதைத் தப்பாக்கினது நான்தான். ஆமாங்க, நான்தான். என் பேரை எழுதிக்குங்க."

வைத்துவிட்டு, இரண்டாவது எண்ணுக்குக் கையை நீட்டினாள்.

"எட்டு நாள்மா," என்றார் அதிகாரி. "அங்க இனிமே தேட ஒண்ணும் இல்லை."

"தெரியும் சார். காணாமப் போனவர் வீட்டு நம்பரைக் குடுங்க."

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துவந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அதிகாரி பதிவேட்டைப் பார்த்து எண்ணைச் சொல்ல, அவள் சுற்றினாள். நாலு தடவை மணி அடித்தது. ஒரு குழந்தை எடுத்து, "அப்பாவா?" என்றது.